ஆள் சேர்க்கிற அக்கா

மலையாளத்து எல்லையில், வேலந்தாவளம் முக்கில் இருந்த அந்த அக்காவின் போட்டோ, ஜெராக்ஸ் கடையில் நான்கு பேர் நிற்கிற படத்தைக் கொடுத்தால், திரும்ப வாங்கும்போது அதில் ஐந்து பேர் நிற்பார்கள். ஐந்தாவது ஆள் துபாயில் இருப்பார். இல்லாவிட்டால் செத்துப் போயிருப்பார். அதுவும் இல்லாவிட்டால் மற்ற நான்கு பேரோடும் பேச்சுவார்த்தை இல்லாதவராக இருப்பார். அக்காவுக்கு இதெல்லாம் ஒரு காரணமே இல்லை. "படத்துல எடம் இருக்குதல்லங்க? நிக்கட்டும், உடுங்க" என்பாள்.

நான் பக்கத்துக் கடையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவள் குரலுக்கு அந்தத் தடுப்பு ஒரு பொருட்டே இல்லை. சந்தை நாளில் மாட்டுத் தரகர்கள் போடுகிற இரைச்சலைத் தாண்டி அவள் தும்முவது கேட்கும். வாடிக்கையாளர்களோடு அவள் போட்ட சண்டைகள் அத்தனைக்கும் நான் சாட்சி. பாதிச் சண்டைக்கு நானே காரணம் என்றும் சொல்லலாம். அளவு கொடுக்க வருகிறவர்களை, "பழைய படம் ஏதாச்சும் இருந்தா அக்காகிட்டக் குடுங்க, பளிச்சுனு ஆக்கித் தருவாங்க" என்று அந்தப் பக்கம் தள்ளிவிடுவது நான்தான்.

கடையில் இரண்டு ஸ்கேனர்கள் இருந்தன. ஒன்று சிலேட்டு மாதிரி ஒல்லியானது, புதிது. ஆதார், ரேஷன் கார்டு, வில்லேஜ் ஆபீஸ் சர்ட்டிபிகட் எல்லாம் அதில் போகும். மற்றது பழையது, இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும். படம் என்றால் அக்கா அதைத்தான் திறப்பாள். "புதுசு இருக்குதே, அதுக்குக் கிட்டப் பார்வைங்க. கண்ணாடியோட ஒட்டுனாத்தான் தெரியும். இது அப்பிடியில்ல, ஒரு விரக்கட எட்ட இருந்தாலும் முழிச்சுப் பாக்கும்" என்று அந்தப் பழைய ஸ்கேனரைத் தட்டிக் கொடுப்பாள். பிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடேயே அதன் மேல் கவிழ்த்து வைத்து எடுப்பாள். சொரசொரப்பான தாளில் போட்ட படம் என்றால் ஒரு முறை எடுத்து, தலைகீழாகத் திருப்பி மறுபடியும் எடுத்து, இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக்குவாள். தாளின் மினுமினுப்பு மாயமாகப் போய்விடும்.

ஆனால் அவளுடைய பெரிய வித்தை வேறு. ஸ்கேனர் மூடியைத் திறந்து வைத்தபடியே ஓடவிடுவாள். அடியில் வெளிச்சம் ஊர்ந்து போகும்போது, படத்தை அதோடு சேர்த்து மெல்ல இழுப்பாள். ஆள் நீண்டுவிடுவார். எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் குறுகிவிடுவார். கம்ப்யூட்டரிலேயே இதைச் செய்யலாமே என்று கேட்டேன். "அதுல எல்லாம் ஒட்டுக்கா ரப்பராட்டம் நீளும். கையில இழுத்தாத்தான் காலு வேற, கழுத்து வேறன்னு பாத்துப் பாத்து இழுக்கலாம்" என்றாள். இந்தப் பழக்கம் அவள் கையிலேயே ஊறிவிட்டது. டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதும் டம்ளரை மேசை மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே இருப்பாள். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குக் கை பரபரக்கும்.

ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கல்யாணப் படத்தில் பெண் மாப்பிள்ளையைவிட அரைச்சாண் உயரம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அக்கா மாப்பிள்ளையை மட்டும் தனியாக இழுத்து எடுத்தாள். முதல் முறை கை கொஞ்சம் கூடிப்போய், மாப்பிள்ளை தென்னை மரம் கணக்காக வளர்ந்து, சட்டைப் பொத்தான்கள் கோழி முட்டை அளவுக்கு வந்துவிட்டன. கடையே சிரித்தது. அந்த மாப்பிள்ளையும் சிரித்தார். இரண்டாவது முறை, பெண்ணைவிட ஒரு விரல் உயரமாக, கச்சிதமாக நிறுத்தினாள்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு மாட்டுத் தரகர் தன் கறவை மாட்டின் படத்தோடு வந்து, "மடிய மட்டும் சித்த இழுத்துக் குடுங்கக்கா" என்றார். அக்கா படத்தை வாங்கவே இல்லை.

"வாங்கறவன் படத்தையா கறப்பான்?"

"மாப்பிளைய இழுத்தீங்களே?"

"அந்தப் புள்ளைக்கு மாப்பிளை எத்தன ஒசரம்னு தெரிஞ்சுதானுங்க கட்டிக்கிச்சு. எவனையும் ஏமாத்தற சோலி என்றகிட்ட வேண்டாம்."

சர்க்கார் காகிதத்திலும் அவள் கை வைக்க மாட்டாள். பிறந்த வருடத்தை மாற்றச் சொல்லி வந்தவர்களை முக்கு வரைக்கும் விரட்டியிருக்கிறாள். இன்னொன்றையும் செய்யவே மாட்டாள். படத்திலிருந்து யாரையும் எடுக்க மாட்டாள்.

வடகரப்பதியில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர், புது வீட்டு கிரகப்பிரவேசத்தில் எடுத்த குடும்பப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தார். தம்பியோடு வரப்புத் தகராறு. தம்பி விசேஷத்துக்கே வரவில்லை. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அந்தத் தம்பி என்றைக்கோ அவள் கடையில் எடுத்த பாஸ்போர்ட் படத்திலிருந்து தலையை எடுத்து, வேறு யாரோ ஒருவரின் வேட்டி சட்டையைப் போட்டு, அண்ணனுக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். அண்ணன் படத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

"இவன யாரு வெக்கச் சொன்னது? எடுங்க இவன!"

"சேக்கறதுதானுங்க என்ற சோலி. கழிக்கோணும்னா சித்தூர் ஸ்டுடியோவுக்குப் போங்க."

"நான் காசு குடுக்கறேன்!"

"குடுங்க. ஆனா எடுக்க மாட்டேன்."

அவர் சித்தூருக்குப் போகவில்லை. திட்டிக்கொண்டே படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். பிறகு அவர் வீட்டுக்கு அளவெடுக்கப் போனபோது பார்த்தேன், ஹாலில் அந்தப் படம்தான் தொங்கியது. தம்பி அடுத்தவர் வேட்டியில் கம்பீரமாக நின்றார். அண்ணன் தம்பி சேர்ந்தார்களா என்றால், இல்லை. படம் மட்டும் தொங்கியது.

எனக்கு இதெல்லாம் ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். வராதவனை வந்ததாகக் காட்டுவது என்ன நியாயம்? ஒன்றை மட்டும் அவளுக்காகச் சொல்ல வேண்டும். செய்ததை அவள் மறைத்ததே இல்லை. "இந்தப் பெரியவருக்குத் தாடிய நாந்தான் எடுத்தேன், இந்த அம்மாவுக்கு நரைய நாந்தான் கறுப்பாக்குனேன், இந்த ஆளு துபாயில இருக்கறாப்பல" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். தற்பெருமையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அவள் கைவரிசை ஒரு நாள் என் படத்துக்கே வந்தது.

நான் வடகரப்பதிக்காரி. கொழிஞ்சாம்பாறைக்காரரான ஒரு மலையாளியைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். "போறவ போகட்டும். அந்தக் கல்யாணத்துக்கு இந்த ஊட்டுல இருந்து எவ போனாலும் திரும்பி வாசப்படி ஏற வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்ட ஆள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் என் வீட்டுக்காரர் வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் சாப்பாடு. என் பக்கத்திலிருந்து ஒரு குஞ்சு குருமான் வரவில்லை. அம்மாவாவது வருவாள் என்று பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, சந்தையில் கண்டால் அம்மாவோடு பேசுவேன். "நல்லாருக்கறயா?" "இருக்கறேன்." அவ்வளவுதான். அண்ணன் வீட்டில் இருந்த அவளைப் போய்ப் பார்த்ததில்லை. என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன்: என் கல்யாணத்துக்கு வராதவளுக்கு என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடையாது. "அம்மிச்சி பாவம்மா" என்று பாட்டிக்காக மகள் கெஞ்சினாள். "வயசாயிப் போச்சில்லே, விளிக்கலாம்" என்று வீட்டுக்காரர் தமிழும் மலையாளமும் கலந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவும் ஒரு வார்த்தை விட்டாள்.

"ஆளு கொறையுது அம்மிணி."

"நீ உன்ற சோலியப் பாருக்கா."

ரிசப்ஷனில் பெரிய திரையில் காட்ட எங்கள் கல்யாணப் படம் வேண்டும் என்றாள் மகள். தேறுகிற மாதிரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிளாஷ் வெளிச்சம் எங்கள் இரண்டு பேர் மூஞ்சியிலும் அடித்திருக்க, பின்னால் எல்லாம் மைக்கறுப்பு. அதை அக்காவிடம் கொடுத்தேன். மறுநாள் வந்து, "நெகட்டிவ் இருக்குதா? தாளவிட அதுல இன்னும் சுத்தமா வரும்" என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் எதையும் தூக்கிப்போடாத மனுஷன். டிரங்குப் பெட்டியிலிருந்து, ஸ்டுடியோக்காரன் கொடுத்த கவரோடு எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த சந்தை அன்று, "அம்மிணி, இங்க வா!" என்று தடுப்பு அதிரக் கூப்பிட்டாள். போனேன். மேசை மேல் பெரிய பிரிண்ட். நான் ஒல்லியாக நின்றேன். என் வீட்டுக்காரர் மீசையோடு நின்றார். எங்களுக்குப் பின்னால், கறுப்பாக இருந்த இடத்தில் பந்தல் மூங்கில் தெரிந்தது. மூங்கிலை ஒட்டி, முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு என் அம்மா நின்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"என்ற படத்துலயே உன்ற வேலையக் காட்டிட்டயா? பென்சனுக்கு அம்மா இங்கதான போட்டோ புடிச்சா? அதுல இருந்து வெட்டி ஒட்டிட்ட!"

அக்கா திடுக்கிட்டுவிட்டாள். அவள் திடுக்கிட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"ஒட்டலை அம்மிணி. அவிங்களாத்தான் நிக்கறாங்க."

"பொய் சொல்லாத!"

"பென்சன் படத்துல தலை முச்சூடும் வெளுப்பு. இதுல பாரு, கறுப்பு."

"கறுப்படிக்க உனக்குத் தெரியாதா? ஊருக்கே கறுப்படிச்சு உடறவ!"

சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். மாட்டைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டே இரண்டு தரகர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் அவள் கை எப்படிப்பட்டது என்று தெரியும். "அக்கா ஆளு வெக்கறதுல கில்லாடி" என்று ஒருவர் சிரித்தார். அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"நாயமா பாருங்க! இத்தன நாளு ஒட்டுனேன், ஒட்டுனேன்னுதான் சொன்னேன். ஒட்டாத படம் ஒண்ணு வாச்சுது. அதப் போயி ஒட்டுனேங்கறா!"

சடாரென்று மேசை டிராயரைத் திறந்து நெகட்டிவ் பட்டையை எடுத்தாள். எதிர்க்கடையில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவரைக் கூப்பிட்டாள். கண்ணில் இடுக்கிக்கொள்கிற பூதக்கண்ணாடியோடு அவர் எழுந்து வந்தார்.

"அண்ணா, இந்தப் பிலிமுல நான் கைவெக்க முடியுமா? இது ஸ்டுடியோக்காரன் கழுவுனது. வெயில்ல புடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. ஓரத்தப் புடிங்க, வெரலு பட்டுரப் போவுது!"

அவர் பட்டையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அது பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் என்றால் என் கோபம் எனக்கு மிஞ்சும். பிறகு, சாமி, பொய்யாக இருந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன்.

"மாப்பிளை, பொண்ணு ரெண்டு பேரு" என்றார் அவர். பட்டையைக் கொஞ்சம் திருப்பி, "பொறவால மூங்கில். மூங்கிலுக்கு அக்கட்ட... ஆளு இருக்குதுங்க. பொம்பளையாளு" என்றார்.

நான் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். ஆரஞ்சு நிறப் பிலிமில் எல்லாம் மாறித் தெரிந்தது. எங்கள் முகம் கறுப்பு, இருட்டு எல்லாம் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் மங்கலாக, ஊதினால் கலைந்துவிடும் போல ஒரு உருவம். மூஞ்சி தெரியவில்லை. ஒரு கையால் முந்தானையை வாயில் அழுத்தி, மறு கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தது தெரிந்தது. அழுகையை அடக்கும்போது என் அம்மா அப்படித்தான் நிற்பாள். வேறு யாரும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"லேபுக்காரன் மெசினுல உங்க மூஞ்சிக்கு ஏத்தாப்பல பிரிண்ட் அடிச்சு உட்டுட்டான் அம்மிணி. பொறவால இருட்டுன்னு கண்டுக்கல" என்றாள் அக்கா. இப்போது அவள் குரல் தணிந்திருந்தது. "தாளுல எடுக்கறப்பவே ஏதோ வெளுப்பாத் தெரிஞ்சுது. அதுக்குத்தான் நெகட்டிவ் கேட்டேன். மூணு வாட்டி வெளிச்சத்த ஏத்தி ஏத்தி எடுத்தேன். மூணாவது வாட்டி மூஞ்சி வந்துச்சு. வெளிச்சம் மட்டுந்தான் நான் வெச்சது, சத்தியமா."

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வந்திருந்தாளா? இத்தனை வருடமும் வரவில்லை, வரவில்லை என்று அவளைக் குத்திக்கொண்டே இருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"அம்மாளுக்குப் போனப் போடு" என்றாள் அக்கா. என்னால் முடியவில்லை என்று தலையை ஆட்டினேன். உடனே அவள் ஒரு காரியம் செய்தாள். சந்தை நாளில், வாசலில் ஆள் நிற்க நிற்க, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். "ஜெராக்ஸுக்கு வந்தவிங்க சித்த நில்லுங்க" என்று கத்தியபடியே வடகரப்பதி ரோட்டில் போய்விட்டாள். யாரும் கலையவில்லை. ஜெராக்ஸுக்காக நின்றார்கள் என்று நான் நினைக்கவில்லை.

திரும்பி வரும்போது பின் சீட்டில் அம்மா, அக்காவின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காற்றில் பறந்த தலைமுடியோடு உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்லிக் கூட்டிவந்தாளோ தெரியாது. அக்கா கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து படத்தின் முன்னால் நிறுத்தினாள்.

அம்மா குனிந்து, மூங்கிலுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இருட்டுல நின்னாத் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"வந்தயாம்மா?" என்றேன்.

"உன்ற பெரியம்மா ஊட்டுக்குக் கோயில் நோம்பிக்குப் போறேன்னு உன்ற அய்யன்கிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"அவரு இருக்கறவரைக்கும் சொல்ல முடியுமா? அவரு போன பொறவு, நீ மூஞ்சி குடுத்துப் பேசுனாத்தான சொல்றதுக்கு?"

அது நியாயம்தான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அதுக்காக, திருடியாட்டம் நின்னு பாத்துட்டு அப்படியே போயிட்டயா?" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பாத்துட்டு மட்டும் போறதுக்கு நான் என்ன வழியில போறவளா? கடைசிப் பந்தியில உக்காந்து கை நனைச்சுட்டுத்தான் போனேன்."

எங்கள் பக்கம் வேண்டாத வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் அந்த உறவை ஏற்றுக்கொண்டாயிற்று, அப்புறம் எவர் சொல்லியும் அழிக்க முடியாது. அப்பாவின் உத்தரவை என் அம்மா அன்றைக்கே, என் கல்யாணத்தன்றே, இலை போட்டு உட்கார்ந்து தீர்த்துவிட்டிருக்கிறாள்.

"பாயசந்தான் அடி புடிச்சுப் போச்சு" என்றாள் அம்மா. "என்ற பேத்தி கல்யாணத்துக்கு யாரு கிண்டறது?"

"நீதாம்மா" என்றேன்.

அவ்வளவுதான், அக்கா வாசலுக்குப் பாய்ந்தாள். பாதி இறங்கியிருந்த ஷட்டரை மடாரென்று மேலே தள்ளிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"கேட்டுக்குங்க! நான் ஒட்டலை! அம்மா வந்திருந்தாங்க! பந்தியில உக்காந்து சாப்புட்டும் இருக்கறாங்க!"

வாட்ச்காரர் கை தட்டினார். ஒரு தரகர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். விஷயம் தெரியாதவர்கள்கூட சத்தம் போட்டார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே பத்திரிகை எடுக்க என் கடைக்கு ஓடினேன்.